நாலு நாள் கூப்பிட்ட பேர்

“யாருங்க இது?”

“எது?”

“இங்க போட்டுக்கீதே. நூர்ஸபா. யாரு இது?”

“மொதல்ல நீ உக்காரு. தையல் போட்ட வவுறு. எவ்ளோ நேரமா நின்னுக்கினு கீற.”

“தையல் ஆறி மாசமாவுது. யாருன்னு கேட்டேன்.”

 கணவன் ஹாரிஸ் கொண்டு வந்திருந்த தாளை சாய்ரா இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் விரல்களில் இருந்த தவிடு தாளின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கொடுக்கும் விண்ணப்பம் அது. தகப்பன் கையெழுத்து விழுந்துவிட்டது. தாயின் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது. அதை வாங்கத்தான் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு உத்திரமேரூரிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சாலவாக்கத்துக்கு, மாமனார் வீட்டுக்கு, வந்திருந்தான்.

குழந்தை நாலு நாள் இருந்தது. போய் இன்றோடு முப்பத்தெட்டு நாள்.

பிறப்பு, இறப்பு இரண்டு சான்றிதழும் ஒரே மாதத்துத் தேதியில் வரும் என்று ஆபீசில் சொன்னார்கள். இறப்புப் பதிவில் பெயர் இருக்கிறது, பிறப்புப் பதிவில் இல்லை, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், தாயும் தகப்பனும் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வாருங்கள் என்றார்கள். எதற்கு அதெல்லாம் என்று பலர் கேட்டார்கள். ஹாரிசுக்கு அந்தத் தாள்கள் வேண்டும். இப்படி ஒருத்தி இருந்தாள் என்று எங்காவது முத்திரை குத்தி எழுதியிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

சாய்ரா தாளைத் திரும்பவும் படித்தாள். நெல் குடோனின் வாசற்படியில் அவளுக்குப் பின்னால் சல்லடையும் அரைச் சாக்குக் குருணையும் இருந்தன. ரமலான் அடுத்த வாரம். வருடா வருடம் உத்திரமேரூர் பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சிக்குக் குருணை கொடுப்பது அவள் அத்தா அப்துல் பாசித். உடைந்த அரிசி என்றாலும் தூசி தும்பு இல்லாமல் சலித்துத்தான் கொடுப்பார். இந்த வருடம் யார் சொல்லியும் கேட்காமல் சாய்ராவே சலிக்க உட்கார்ந்திருந்தாள்.

“இது உங்க லிஸ்ட்டுல இருந்த பேருதானே?” என்றாள். “காலைக் காத்தோட வெளிச்சம்னு அர்த்தம் சொன்னீங்க, காத்துக்கு ஏதுங்க வெளிச்சம்னு கேட்டேனே, அதுதானே?”

“ஆமா.”

“நான் வாணாம்னு சொன்ன பேரு.”

“ஆமா.”

பேர்களின் அர்த்தம் தேடுவதில் ஹாரிசுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. அவள் உண்டான இரண்டாம் மாதமே தொடங்கிவிட்டான். அப்பாவின் செருப்புக் கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் போனைத் தடவிக்கொண்டே இருப்பான். அரபி, பாரசீகம், உருது. ஒரு பேரைத் தொட்டால் அதற்குள் ஒரு பூவோ நட்சத்திரமோ நதியோ இருக்கும். அவன் போகாத ஊர்களின் பனியும் காற்றும் அந்தச் சின்னச் சின்னச் சொற்களுக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. பிடித்ததையெல்லாம் நோட்டில் எழுதிவைப்பான். ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்ததும் அவளிடம் படித்துக் காட்டுவான்.

“ஷப்னம். பனித்துளி.”

“வெயில் வந்தா போயிடும். வாணாம்.”

“ரைஹானா. வாசன வர்ற செடி. துளசி மாதிரி.”

“அது பரவால்ல. எங்க, ஒங்க பேருக்கு இன்னா அர்த்தம், பாத்தீங்களா?”

“பாத்தேன். உழுறவன்.”

சாய்ரா கட்டிலில் புரண்டு சிரித்தாள். “உழுறவரா? கலப்பைய எந்தப் பக்கம் புடிக்கணும்னு தெரியுமா ஒங்களுக்கு? செருப்பு விக்கிறவருக்கு உழுறவர்னு பேரு!”

“உன் பேருக்கு மட்டும் இன்னாவாம்? பயணம் போறவ.”

“கரெக்டா கீது. சாலவாக்கத்துக்கும் உத்திரமேரூருக்கும் டவுன் பஸ்ல போறவ. சரி, ஒங்க அம்மி பேரு?”

“சபுரான்னா பொறுமைசாலி.”

அதற்கு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில், பக்கத்து அறையிலிருந்து சபுராவே, “இன்னா அங்க கூத்து?” என்று அதட்டினாள்.

சாய்ராவின் வீட்டில் பேர் வைக்கிற முறை வேறு. பள்ளிவாசல் புத்தகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பேர் உண்டு. அது ஏழாம் நாள் வரும். ஆனால் பிறந்த அன்றே இன்னொரு பேர் வந்துவிடும். குழந்தை பிறந்த நாளில் குடோனுக்கு எந்த நெல் வந்து இறங்கியதோ, அது. அக்கா ஷாஜியா பொன்னி. சாய்ரா கிச்சிலி. அப்துல் பாசித்தை அவருடைய அம்மா கடைசிவரை வாடன் என்றுதான் கூப்பிட்டார்களாம், வாடன் சம்பா வந்த நாள் என்று. “பாசித்துனு கூப்புட்டா ஜமாத்துல பேசணும்னு அர்த்தம், வாடன்னு கூப்புட்டா சோறு ரெடின்னு அர்த்தம்” என்பார் அவர், வயிற்றைத் தடவிக்கொண்டே.

இவர்கள் வீட்டில் தமிழ்தான் பேச்சு. ஹாரிஸ் வீட்டில் உருது. இரண்டு வீடும் ஒரே கிப்லாத் திசையைப் பார்த்துத் தொழுதாலும், உருது பேசுகிற வீடு ஒரு படி மேலே என்று சபுராவுக்கு ஒரு நினைப்பு. கல்யாணம் முடிந்த மறுநாள் விருந்தில் அப்துல் பாசித், “கிச்சிலி, மாப்ளைக்குக் கறி போடும்மா” என்று சொன்னதும் சபுரா கேட்டாள், “இன்னா பாய், உங்க வூட்ல பெத்து வெச்சது பொண்ணுங்களா, நெல்லு மூட்டைங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்துல் பாசித்தும் சிரித்தார். ஹாரிசும்தான். சாய்ரா கரண்டியோடு நின்றவள் அவனை மட்டும் பார்த்தாள். அந்தப் பார்வையை அவன் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குழந்தை ஏழு மாதத்திலேயே வந்துவிட்டது. செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். ஒரு கிலோ நூற்றைம்பது கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய். காலில் கட்டிய பட்டையில் ‘சாய்ரா பேபி’ என்று எழுதியிருந்தது.

முதல் நாள் ஹாரிசை இரண்டு நிமிடம் உள்ளே விட்டார்கள். பச்சை அங்கியும் முகமூடியும் போட்டுக்கொண்டு, பெட்டியின் துவாரத்தருகே குனிந்து, பிறந்த குழந்தையின் காதில் சொல்லும் பாங்கைச் சொன்னான். முகமூடிக்குள் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. குழந்தை அசையவில்லை. அவன் பேர் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அவன் அப்பா இனாயத்துல்லா முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்: “பாங்கு மட்டும் போதும் பேட்டா. பேரு ஏழாவது நாள். தலைமுடி எறக்கி, ஆடு அறுத்து, நாலு பேருக்குச் சோறு போட்டு முறையா வெப்போம்.”

ஏழாம் நாளுக்குள், எழுதிவைத்த நாற்பது பேர்களை மூன்றாகக் குறைத்துவிட வேண்டும் என்று அவன் வராந்தா பெஞ்சில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

உள்ளே போக சாய்ராவுக்குத்தான் அனுமதி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பிழிந்த பாலை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போவாள். கண்ணாடிக் கதவு வழியாக ஹாரிஸ் பார்ப்பான். பெட்டியின் துவாரத்துக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டு நிற்பாள். உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வெளியே வந்தவளின் முகம் மத்தாப்பு கொளுத்தினாற்போல் இருந்தது.

“கண்ணத் தொறந்தா” என்றாள்.

“நெசமாவா?”

“பேரு சொல்லிக் கூப்புட்டேன். தொறந்தா. அப்பறம் மூடிக்கினா. மறுபடி கூப்புட்டேன், மறுபடி தொறந்தா. கல்பனா சிஸ்டர் பாத்துட்டு, ‘இன்னாம்மா, பேசிக்கினே கீற அதுகிட்ட’ன்னாங்க. பேரு சொல்லித் தரேன் சிஸ்டர்னேன். ‘அதுக்குள்ளவா, ஸ்கூல்ல சேக்க இன்னும் டைம் கீது’ன்றாங்க.”

“இன்னா பேரு?”

அவள் கொஞ்சம் தயங்கினாள். “குருணை.”

ஹாரிஸ் நோட்டை மூடினான்.

“அத்தாகிட்ட கேட்டேன், அன்னிக்கு எந்த நெல்லு வந்துதுன்னு. கோ அம்பத்தொண்ணாம். புள்ளைக்கு நம்பரையா பேரா வெக்க முடியும்? எப்படி கீதும்மா கொழந்தன்னார். குருணையாட்டம் கீது அத்தான்னேன். ஒடனே அவரு, ‘குருணைக்கு இன்னாம்மா கொறச்சல், கஞ்சிக்கு அதானே ருசி’ன்னாரு. அப்பிடியே வாயில வந்துடுச்சி.”

ஹாரிஸ் சிரித்தான். அன்பான சிரிப்புதான். ஆனால் சிரித்தான். “சரி, சரி. ஏழாம் நாள் வரைக்கும் கூப்புட்டுக்க. அம்மி காதுல வுழாம பாத்துக்க. அப்பறம் நல்ல அர்த்தம் இருக்கற பேரா வெப்போம்.”

“இதுக்கும் அர்த்தம் கீது” என்றாள் சாய்ரா. மெல்லத்தான் சொன்னாள். அதற்குள் அடுத்த வேளைப் பாலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நாலாம் நாள் காலை பதினோரு மணிக்குக் குழந்தை போய்விட்டது.

சாய்ராவை ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே விடவில்லை. தையல் பச்சையாக இருந்தது. பக்கத்துக் கடை தணிகைவேல் தன் காரை எடுத்து வந்தான். வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஹாரிஸ் பின்சீட்டில் உட்கார்ந்தான். ஒரு ரொட்டிப் பொட்டலத்தின் கனம் கூட இல்லை. செங்கல்பட்டிலிருந்து உத்திரமேரூர் வரும்வரை தணிகைவேல் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை. குறுக்கே மாடு வந்தபோதும் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கபருஸ்தானில் குழியைச் சுற்றிப் பதினைந்து பேர் இருந்தார்கள். பெண்கள் இந்த ஊர்க் கபருஸ்தானுக்குள் வருவதில்லை. சபுரா வீட்டிலேயே நின்றுவிட்டாள். குழி முழங்கை ஆழம்கூட இருக்காது போல் ஹாரிசுக்குத் தெரிந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத் ஜமாத்துப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்:

“பேரில்லாம அனுப்பக் கூடாது. நாலு நாள் இருந்துச்சே, இன்னா பேரு சொல்லிக் கூப்புட்டீங்க?”

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. ஹாரிசுக்கு அது தெரியும். தொண்டைவரை வந்தது. பக்கத்தில் அவன் அப்பா நின்றார். பின்னால் துணிக்கடை பாய், மளிகைக்கடை பாய், ஜமாத்துத் தலைவர், எல்லோரும் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் நடுவில், புதுக் குழியின் ஓரத்தில் நின்று, உடைந்த அரிசியின் பேரை எப்படிச் சொல்வது? நெல்லு மூட்டைங்களா என்று யாரோ சிரிப்பது போல் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவன் காதுக்குள்தான்.

“நூர்ஸபா” என்றான்.

“மாஷா அல்லாஹ். நல்ல பேரு” என்றார் துணிக்கடை பாய். ஹஜ்ரத் எழுதிக்கொண்டார்.

அங்கே நின்ற பதினைந்து பேரும் வருடா வருடம் முப்பது நாள் அப்துல் பாசித்தின் குருணையில் காய்ச்சிய கஞ்சியைக் குடித்து நோன்பு திறக்கிறவர்கள். இது அவனுக்கு வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

அன்று சாயங்காலம் சாய்ரா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அவ பேர சொன்னீங்களா?”

“சொன்னேன்” என்றான்.

முப்பத்தெட்டு நாள் அவள் அதை நம்பியிருந்தாள்.

இப்போது குடோன் வாசலில், தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். “போன்ல கேட்டேனே, சொன்னேன்னீங்களே.”

“பேரு சொன்னேன்னுதான்…”

“அவ பேர சொன்னீங்களான்னு கேட்டேன்.”

ஹாரிஸ் தலையைக் குனிந்துகொண்டான். ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லை யாரோ காலால் கிளறிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. சர் சர் என்று, நின்று நின்று.

“அத்தன பேரு நின்னாங்க, சாய்ரா. அப்பா, ஹஜ்ரத்து, எல்லாரும். எனக்கு… வாய் வரல.”

“வெக்கமா இருந்துதா?”

அவன் காலடியில் சிந்தியிருந்த குருணையைப் பார்த்தான்.

“நான் ஒங்கமேல கோவமா இல்ல” என்றாள். அதை அவள் சொன்ன விதம் கோபத்தைவிட மோசமாக இருந்தது. “ஒண்ணே ஒண்ணு யோசிச்சிப் பாருங்க. மறுமையில எல்லாரையும் பேர் சொல்லித்தானே எழுப்புவாங்க? ஹாரிஸ் மவ நூர்ஸபான்னு கூப்புடுவாங்க. கூப்புட்டா அவ எழுந்துப்பாளா? அது யாரோன்னு படுத்துக்கினு இருப்பா. அந்தப் பேர ஒரு தடவ கூட அவ கேட்டதில்ல. இந்த ஒலகத்துல அவளுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு வார்த்தைதான்.”

“அல்லாஹ்வுக்குத் தெரியும், சாய்ரா.”

“அல்லாஹ்வுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியணும்ல.”

அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டாள். ஹாரிஸ் கையை நீட்டினான். எங்கே தொடுவது என்று தெரியாமல் சல்லடையின் விளிம்பைத் தொட்டான்.

நோட்டிலிருந்த நாற்பது பேர்களின் அர்த்தங்களும் அவனுக்கு வரிசையாக நினைவு வந்தன. பனித்துளி, வாசனைச் செடி, காட்டு ரோஜா. எதையும் யாரும் கேட்டுக் கண் திறக்கவில்லை.

“பேனா குடுங்க” என்றாள் சாய்ரா.

“வாணாம். கிழிச்சிட்டு வேற தாள் வாங்கியாறேன். அந்தப் பேரையே…”

“காயிதத்துல எது வேணா இருக்கட்டும். அவ படிக்கப் போறாளா?” பேனாவை அவன் சட்டைப் பையிலிருந்து அவளே எடுத்தாள். தாளை அரிசி மூட்டைமேல் வைத்து, தாயின் கையெழுத்து என்று போட்டிருந்த கோட்டுக்கு மேல் ‘சாய்ரா’ என்று தமிழில் எழுதினாள். மூட்டை மேடு பள்ளமாக இருந்ததால் எழுத்து நெளிந்தது.

“மாப்ள!” உள்ளேயிருந்து அப்துல் பாசித் ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தார். இருவர் முகத்தையும் பார்த்தார். பார்க்காதது போல் சாக்கின் வாயைக் கட்டத் தொடங்கினார். “வர்றதுதான் வந்தீங்க, பள்ளிவாசலுக்கு இத போட்டுட்டுப் போயிடுங்க. மொத நோம்புக்கு இது போதும். ஒயுங்கா புடிச்சிக்கினு போங்க. போன வருசம் வழி பூரா சிந்திக்கினு போனீங்க, சாலவாக்கத்துக் குருவியெல்லாம் உங்க பின்னாடியே உத்திரமேரூருக்குக் குடி வந்துடுச்சி.”

“சரிங்க மாமா” என்றான் ஹாரிஸ்.

இருவருமாகச் சாக்கைத் தூக்கி ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் வைத்தார்கள். அப்துல் பாசித் அதை ஒரு தட்டு தட்டினார். பிறகு மகளைத் திரும்பிப் பார்க்காமல், “வெயில்ல நிக்காதம்மா கிச்சிலி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஹாரிஸ் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். வண்டியை உதைத்தான். கிளம்பவில்லை. இரண்டாவது உதைக்குக் கிளம்பியது. சாக்கை இரண்டு முழங்காலாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டான். உள்ளே குருணை சரிந்து இடம் பிடிப்பது முழங்காலில் தெரிந்தது.

சாய்ரா படியிலிருந்து இறங்கி வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.

“கபருஸ்தான் தாண்டித்தானே பள்ளிவாசலுக்குப் போவீங்க?”

“ஆமா.”

“என்ன உள்ள வுட மாட்டாங்க. நான் போவ முடியாது.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “நீங்க போங்க. அஸர் முடிஞ்சி ஆளுங்க வர்ற நேரம்தான், இருந்தா இருக்கட்டும். ஆளு போவட்டும்னு காத்துக்கினு இருக்காதீங்க. அவகிட்ட குனிஞ்சி, பாங்கு சொன்னீங்களே, அந்த மாதிரி குனிஞ்சி, இப்ப மூஞ்சில துணி இல்லாம, கேக்கற மாதிரி, ஒரு தடவ குருணைன்னு கூப்புடுங்க. ஒங்க வாயால அவ அத கேட்டதே இல்ல. கூப்புடுவீங்களா?”